எம்ஜே2955 வாங்கிப் போனவர்கள் மாட்டுவதற்கு முன் படிக்கவும்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடையில் 3055 பவர் டிரான்சிஸ்டர் தீர்ந்திருந்த நேரத்தில் நிறையப் பேர் அதற்குப் பதிலாக எம்ஜே2955 வாங்கிப் போனீர்கள். இரண்டும் ஜோடிதான், அதே இரும்பு டப்பா, அதே கால் அமைப்பு, 60 வோல்ட், 15 ஆம்பியர். ஆனால் 3055 என்பிஎன், 2955 பிஎன்பி, அதாவது கரண்ட் பாயும் திசை ஒன்றுக்கொன்று நேர் எதிர். பழைய ஆம்ப்ளிஃபயர் போர்டில் 3055-ஐக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்டினால் சப்ளை கலெக்டரில் நுழைந்து பேஸ் வழியாக நேரே டிரைவருக்கு, அதாவது இதை ஓட்டும் சின்ன டிரான்சிஸ்டருக்குப் பாயும், ஃபியூஸ் மட்டும் போனால் தப்பித்தீர்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து "அண்ணே, டூப்ளிகேட் குடுத்துட்டீங்களே" என்று போன் வருகிறது. டூப்ளிகேட் இல்லை. மல்டிமீட்டரை டயோடு ரேஞ்சில் வைத்து, கறுப்பு ஒயரைப் பேஸில் பிடித்து, சிவப்பை மற்ற இரண்டிலும் (கலெக்டர், எமிட்டர்) தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் 0.5, 0.6 என்று காட்டினால் நல்ல பிஎன்பி.

சரி, இதை வைத்து ஆம்ப் கட்டலாமா? தாராளமாக. மொத்த சர்க்யூட்டையும் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். சின்ன டிரான்சிஸ்டர்களில் 547 இருந்த இடத்தில் 557, டிரைவரில் 139-க்கு 140, 140-க்கு 139. எலக்ட்ரோலிடிக் கண்டன்சர், டயோடு, ஜீனர் எல்லாம் தலைகீழ். போர்டுக்குப் போகும் சப்ளை ஒயர் இரண்டையும் மாற்றுங்கள், இனி பாசிட்டிவ்தான் எர்த் (போர்டின் பொது ஒயர்). ரெசிஸ்டன்ஸையும் டிஸ்க் கண்டன்சரையும் தொடவே வேண்டாம். ஏசி128 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்ட பழைய ரேடியோக்களைப் பிரித்தவர்களுக்கு இது புதிதில்லை, அவற்றில் பலவும் பாசிட்டிவ் எர்த்தான். ஐசி போர்டு வைத்திருப்பவர்கள் மட்டும் இதில் இறங்காதீர்கள், 4440 போன்ற ஆம்ப் ஐசியை எப்படியும் திருப்ப முடியாது.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது ப்ளூடூத் போர்டில். அதன் எர்த் நெகட்டிவ். ஆம்ப் எர்த்தோ இப்போது பாசிட்டிவ். ரெண்டுக்கும் ஒரே சப்ளை கொடுத்துவிட்டு ஆடியோ ஒயரின் ஷீல்டையும் இணைத்தால், அந்த ஷீல்டு வழியாகவே சப்ளை ஷார்ட் ஆகிவிடும், பாட்டு வருவதற்கு முன் புகை வரும். ப்ளூடூத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், ஐம்பது நூறு மிச்சம் பிடிக்கப் போய் செட்டையே இழக்காதீர்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பை மெயின் ஒயரில் சீரிஸில் போட்டுக் கொடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் உடனே ஆஃப் செய்துவிட்டு கண்டன்சர் திசையை முதலில் பாருங்கள், அப்புறம் டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் மைக்கா ஷீட்டை.

அப்படியும் புரியவில்லை என்றால் போர்டைக் கடைக்கு எடுத்து வாருங்கள், காசு வாங்காமல் பார்த்துத் தருகிறோம். சால்டர் பட்ட டிரான்சிஸ்டரை மட்டும் திருப்பி எடுக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.