செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஆரல்வாய்மொழி சுற்றுவட்டார வயர்மேன், எலக்ட்ரீஷியன் தோழர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. மே தினக் கொடியேற்றமும் ஆயுத பூஜையும் வழக்கம்போல் நடந்தன. மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவரின் குடும்பத்துக்கு ஈமச் செலவுக்கான தொகை கொடுத்தோம். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு ஏழு பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தோம்.

அடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் நடத்திய சோலார் வகுப்பு பற்றி. சங்கக் கட்டடத்தின் ஓடு ஒழுகும்போது பழைய பேனல் நான்கு எதற்கு வாங்கினீர்கள் என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்லும் கடமை எனக்கு இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடந்த ஆடியில் நம் உறுப்பினர் ஒருவர் ஒரு வீட்டு மாடியில் எலி கடித்த சோலார் கேபிளை மாற்றப் போனார். இருபது வருட அனுபவம் உள்ளவர். மெயினை அணைத்துவிட்டு, இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டிங் பிளேயரால் வெட்டினார். உள்ளங்கை வெந்துபோனது. மெயினை அணைத்தால் கரண்ட் போய்விடும் என்பதுதான் நாம் எல்லோரும் கற்ற தொழில். அந்த மெயினுக்குப் பேனல் கட்டுப்படாது. வெயில் இருக்கும்வரை அதில் கரண்ட் இருக்கும். வீட்டு லைனில் வரும் ஏசி மின்சாரத்தில், அதாவது திசை மாறிமாறி ஓடுவதில், மின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுப் போவதால் பொறி சீக்கிரம் அறுந்துவிடும். பேனலிலிருந்து வரும் டிசி ஒரே திசையில் ஓடுவது, அதில் அந்த இடைவெளியே கிடையாது, பொறி நின்று எரியும்.

அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றே வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்தேன். நான்கு பேனலையும் தொடராக இணைத்து, ஏசி மெயினை அணைத்துவிட்டு மீட்டரை வைத்துக் காட்டினோம். 180 வோல்ட்! அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இனி பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரை அணைக்காமல் கேபிளில் கை வைக்க மாட்டார்கள். கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங், இடிதாங்கிக்குத் தனி எர்த், இன்வெர்ட்டர் வைக்கும் இடம் என்று பதினான்கு ஞாயிறுகள் வகுப்பு நடந்தது.

வேலை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய, வீட்டு மாடியில் சோலார் வைக்கும் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. நம் தெருவிலேயே மாடிக்கு மாடி பேனல் ஏறுகிறது. மாட்டுகிறவர்கள் மட்டும் வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள்.

காற்றாலையிலும் இதே கதைதான். முப்பந்தல் காத்தாடிகளுக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதே காத்தாடிக்கு அடியில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே ஏறுகிறவன் வேறு ஊர்க்காரன். ஐடிஐ எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் முடித்த பையனுக்கு அந்த வேலை எட்டாததல்ல. உயரத்தில் வேலை, தீயணைப்பு, முதலுதவி, பளு தூக்கும் முறை ஆகியவற்றில் ஜிடபிள்யூஓ (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) என்ற உலகக் காற்றாலை அமைப்பின் சான்றிதழ் கேட்கிறார்கள், அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் வாயுமித்ரா என்று ஒரு பயிற்சித் திட்டம் நடத்துகிறது. சோலாருக்கு 2015-இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சித் திட்டம் இருக்கிறது. 20 ஆண்டு கடந்த காற்றாலைகளை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. 225, 250 கிலோவாட் பழைய மெஷின்கள் பலவற்றைக் கழற்றிவிட்டு, மெகாவாட் கணக்கில் ஒன்றை நிறுத்துவார்கள். மெஷின் குறைந்தால் வாட்ச்மேன் வேலையும் குறையும். அதற்குள் நம் பிள்ளைகள் ஏறக் கற்றிருக்க வேண்டாமா?

வருத்தத்தோடு ஒன்றைப் பதிவு செய்கிறேன். வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்கள் 26 பேர். கடைசி ஞாயிறு வந்தவர்கள் ஒன்பது பேர். வேலை நாள் போய்விடும் என்றால் புரிந்துகொள்வேன். ஆனால் வராதவர்களில் சிலரை அதே நேரத்தில் டீக்கடையில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வகுப்புக்கு வந்தேன். சந்தாவும் அப்படியே. 64 உறுப்பினர்களில் 29 பேர்தான் கட்டியிருக்கிறார்கள். 300 ரூபாய், வருடத்துக்கு. மூன்று வருடம் பாக்கி வைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சபையில் வாசிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரவர் மனசுக்கே விடுகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். மொத்தத்தில் கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. பேனல், மீட்டர், கிரிம்பிங் டூல் வாங்கிய வகையில் ஆன செலவுக்கு ரசீது இருக்கிறது. கொஞ்சம் என் கைக்காசும் போனது, அதை நான் கேட்கவில்லை.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், கூடம் தந்த ஊர் நிர்வாகத்துக்கும், தேநீர் கொடுத்த அன்பர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு வைகாசிக் காற்று தொடங்கும் முன் காற்றாலைப் பராமரிப்புக்கு ஆள் எடுப்பார்கள். அதற்குள் மூன்று பையன்களையாவது சான்றிதழ் பயிற்சிக்கு அனுப்பப் பார்க்கிறேன். கட்டணம் அவர்கள் வீட்டுக்குத் தாங்காது. பாக்கிச் சந்தா வந்தாலே ஒருவருடைய கட்டணத்துக்குக் கைகொடுக்கலாம். வகுப்பை இந்த ஆண்டும் தனியாக நடத்த என் உடம்பு ஒத்துழைக்காது. வேறு யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் கூடத்துச் சாவியை இன்றே கொடுத்துவிடுகிறேன். யாரும் வராவிட்டால் நானே நடத்துகிறேன், ஆனால் துணைக்கு இரண்டு பேர் வேண்டும். பெயர் எழுத நோட்டு மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்