முரளிக்கு, அப்பாவின் புத்தகங்கள் பற்றி

அன்புள்ள முரளி,

அப்பாவின் மின்புத்தகங்களை வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பையில் (அந்தச் சின்னக் கணினியில்) வைத்துக் கைப்பேசியில் படிக்க எந்த மென்பொருள் போடலாம் என்று தீபாவளிக்கு முன்பு நீ கேட்டதற்குப் பொங்கல் கழித்து எழுதுகிறேன். திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். செல்வி அக்காவுக்கு ஈசூனில் வீடு கிடைத்துவிட்டது.

உன் ராஸ்பெர்ரி பை 3-இல் இருப்பது 1 ஜிபி ரேம்தான். கோம்கா என்ற புத்தக சர்வர் வேண்டாம், ஜாவாவில் ஓடுவதால் அந்தப் பெட்டி திணறும். மடிக்கணினியில் மின்புத்தகங்களை அடுக்கும் கேலிபர் நூலகம் ஏற்கெனவே இருக்கிறதே, அதை உலாவியில் காட்டும் கேலிபர்-வெப் போடு. பைத்தானில் எழுதியதுதான், 8083 என்ற போர்ட்டில் (வாசல் எண்ணில்) கிடைக்கும். கேலிபரின் தரவுத்தளத்தையே நேராகப் படிக்கும். முதல் நுழைவுக்குத் தரும் அட்மின்123 கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடு. படிக்க, இறக்க மட்டும் போதுமென்றால் பிஎச்பியில் ஓடும் காப்ஸ் இன்னும் இலேசு. இரண்டிலும் ஓபிடிஎஸ் என்ற புத்தகப் பட்டியல் வசதி உண்டு, கோரீடர் என்ற வாசிப்புச் செயலியில் அதன் முகவரி கொடுத்தால் போதும். வெளியிலிருந்து எடுக்க, உன் கருவிகளை மட்டும் தனி வலையாக இணைக்கும் டெயில்ஸ்கேல் வை. ரவுட்டரில் போர்ட் திறக்காதே.

நாஸில் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில்) நூலகத்தை வைத்து, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு வழியாக இணைக்கிறேன் என்றாயே, வேண்டவே வேண்டாம்! கேலிபரின் தரவுத்தளம் எஸ்கியூலைட் வகை, ஒரே கோப்புதான். ஒரே நேரத்தில் இருவர் எழுதாமல் தடுக்கும் அதன் பூட்டு நெட்வொர்க்கில் ஒழுங்காக நிற்காது, மோசமானால் கோப்பே கெடும். மூலப்பிரதி மடிக்கணினியில் இருக்கட்டும். கேலிபரை மூடிவிட்டு, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கில் ராஸ்பெர்ரி பைக்கு ஒருவழியாக மட்டும் அனுப்பு. கேலிபர்-வெப்பில் திருத்தும் அனுமதியை எடுத்துவிடு. தமிழ்த் தலைப்புக்குக் கேலிபர் ரோமன் எழுத்தில் கோப்புறை வைக்கும். அழகில்லை என்று கைவைத்துவிடாதே, தரவுத்தளம் அந்தப் பாதையைத்தான் தேடும்.

எனக்குக் கவலை தமிழ்த் தலைப்புகள்தான். அப்பா பழைய மேக்கில் பெயரிட்ட கோப்புகளில் 'சோ' என்பதன் ஓகாரக் குறி 'ே', 'ா' என்று இரண்டு குறியாகப் பிரிந்திருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. நாம் தட்டும் 'ோ' ஒற்றைக் குறி. எஸ்கியூலைட் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை. 'சோழர்' என்று தேடினால் வெறும் பக்கம்தான் வரும், புத்தகமோ உள்ளேயே கிடக்கும். கேலிபரில் எல்லாத் தலைப்பையும் தேர்ந்தெடுத்து, மொத்தமாகத் திருத்தும் இடத்தில் இரட்டைக் குறியைத் தேடி ஒற்றையாக மாற்று. 'ொ'வுக்கும் அப்படியே. ஆசிரியர் பெயரிலும் செய். இராமசாமியும் ராமசாமியும் இரண்டு ஆளாக நிற்பதை அப்போதே ஒன்றாக்கிவிடலாம்.

தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. அதிலிருந்து ஆரம்பத்தில் இறக்கியவை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தால் மாற்றிக் கொண்டிருக்காதே, யூனிகோடு பிரதியைப் புதிதாக இறக்கு.

அப்பாவுக்குப் பார்வை மங்குகிறது என்று எழுதியிருந்தாய். அவர் கேட்கிற நாளில் 'காணோம்' என்று அந்தத் திரை சொல்லிவிடக் கூடாதடா. முதலில் 50 புத்தகம் ஏற்றி, அவர் கைப்பேசியிலேயே தேடிப் பார். சனிக்கிழமை தேக்கா வரும்போது மடிக்கணினியைக் கொண்டு வா, ஓகாரத்தை இருவரும் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
குமார்