காசும் அதனோடு வரும் சீட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாணயங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் காசு என்ன விலைக்குப் போகும் என்று சொல்வதிலேயே அதன் பெரும்பகுதி கழிந்துவிட்டது. ஐரோப்பாவின் இடைக்காலக் காசுகளை முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவரும் எனக்கு, விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அதில் விடுபட்டுப்போனதாகத் தோன்றியது. ஒரு காசு எந்த மண்ணிலிருந்து வந்தது, யார் யார் கையில் இருந்தது என்பதே அந்தக் கேள்வி. நான் வசிக்கும் பெர்லினில் அண்மையில் நடந்த நாணயச் சந்தையில் கழித்த ஒரு நாளை விவரித்தால் நான் சொல்ல வருவது விளங்கும் என்பதால், கடிதம் சற்று நீள்வதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வேர்ல்டு மணி ஃபேர் எனப்படும் அச்சந்தை 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் தொடங்கியது. 2006 முதல் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பெர்லினில் நடக்கிறது. பல நாட்டு நாணயச்சாலைகள் பளபளக்கும் புது வெளியீடுகளைப் பரப்பி வைத்திருக்கும் அரங்குகளைத் தாண்டி, பழங்காசு விற்பவர்களின் மேசைகளைத் தேடிப் போவது என் வழக்கம். சட்டைப் பையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு, 900 யூரோ. அதற்கு மேல் கொண்டுபோவதில்லை. கொண்டுபோனால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

முதலில் வாங்கியது அரைக்காசு. சொல்லப்போனால், பாதியாக வெட்டப்பட்ட ஒரு காசு. இங்கிலாந்தில் 1180இல் இரண்டாம் ஹென்றி புகுத்திய வெள்ளிப் பென்னியின் பின்பக்கத்தில் குறுகிய சிலுவை ஒன்று இருக்கும். சில்லறைக்கு வேறு வழியில்லாததால் நாணயச்சாலையிலேயே அச்சிலுவையின் கோட்டில் வெட்டி அரையாகவும் காலாகவும் கொடுத்தார்கள். அவருக்குப் பின் அவர் மகன்கள் ரிச்சர்டும் ஜானும் ஆண்டபோதும் காசில் ஹென்றியின் பெயரே தொடர்ந்தது என்பது இவ்வகையின் வேடிக்கை. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவோரின் தொல்லை பெருகியதால், 1247இல் சிலுவையின் கைகளை விளிம்பு வரை நீட்டினார்கள். கை குறைந்தால் காசு குறைந்தது தெரிந்துவிடும். நான் எடுத்த பாதியில் காசடித்தவன் பெயரின் கடைசி எழுத்துகளும், லண்டனைக் குறிக்கும் முதல் எழுத்துகளும் மட்டுமே மிஞ்சியிருந்தன. ஆனால் அதனோடு வந்த சீட்டில், கிழக்கு இங்கிலாந்தின் ஒரு வயலில் உலோகங்காட்டிக் கருவியால் கண்டெடுக்கப்பட்டது என்ற குறிப்பும், அந்நாட்டின் கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தில் அதற்குக் கொடுக்கப்பட்ட எண்ணும் இருந்தன. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி புதையல் வகைக்குள் வருபவற்றை அறிவிப்பது கட்டாயம். தனியாகக் கிடைக்கும் இத்தகைய காசுகளைத் தாமாகவே முன்வந்து பதிவு செய்பவர்கள் ஏராளம். எந்த வயலில் எந்தக் காலத்துச் சில்லறை சிந்தியது என்று ஆய்வாளர்கள் அறிவது இப்படித்தான். 35 யூரோ கொடுத்தேன். விலை கேட்டுப் பேரம் பேசத் தோன்றவில்லை.

அடுத்ததில் சறுக்கினேன். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியப் பகுதிகளில் ஒரு பக்கம் மட்டும் முத்திரை விழும்படி அடித்த காசுகள் உண்டு. தகட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அவற்றுக்குப் பிராக்டியேட் என்ற பெயர் வந்தது. அரச இலையின் சருகுபோல மெலிந்து, கிராமுக்கும் குறைவான எடையோடு இருக்கும். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இவற்றை அடித்த பிரபுக்களும் பேராயர்களும் அவ்வப்போது பழையதைச் செல்லாதென்று அறிவித்து, பழையன பன்னிரண்டுக்குப் புதியன ஒன்பது என்ற கணக்கில் மாற்றிக்கொடுத்தார்கள். மாக்டபர்க் பேராயர் விச்மன் காலத்தில் இது ஆண்டுக்கு இருமுறை நடந்தது. நான்கில் ஒரு பங்கு ஆட்சியாளர் கைக்குப் போகும் இந்த ஏற்பாட்டை வரி என்று சொல்லாமல் வாங்கிய வரி எனலாம். சந்தையில் நான் கண்டது, மதில்வளைவின் கீழ் அமர்ந்த ஒரு பேராயரின் உருவம். மடிப்போ விரிசலோ இல்லை. எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு விற்றவர் தோளைக் குலுக்கினார். இத்தகைய காசுகள் பெரும்பாலும் புதையல்களிலிருந்து கூட்டமாக வந்தவை. அக்கூட்டம் கலைந்துபோனால் எது எப்போது அடிக்கப்பட்டது என்று கணிக்க உதவும் சான்று அதோடு போய்விடும். இதெல்லாம் தெரிந்தும் 180 யூரோ கொடுத்து வாங்கினேன். அழகுக்கு முன் கொள்கை நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இக்கடிதத்தில் பிறருக்குச் சொல்வதை நானே எப்போதும் கடைப்பிடிப்பவன் என்று தங்கள் வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது.

இன்றைய செக் நாட்டிலுள்ள குட்னா ஹோராவின் சுரங்க வெள்ளியில் 1300இல் தொடங்கி அடிக்கப்பட்ட பிராகா குரோஷன் எனும் வெள்ளிக்காசையும் பார்த்தேன். எழுத்து தேய்ந்திருந்ததால் வைத்துவிட்டேன்.

பிற்பகல் முழுவதும் ஒரு பொற்காசுக்கே போயிற்று. வெனிஸ் குடியரசு 1284இல் டுக்காட் எனும் பொற்காசை அடிக்கத் தொடங்கியது. ஒரு பக்கத்தில் புனித மாற்குவிடமிருந்து கொடிக்கம்பத்தைப் பெற்றுக்கொண்டு மண்டியிட்டிருக்கும் டோஜ் எனும் ஆட்சித்தலைவர். மறுபக்கத்தில் நட்சத்திரங்கள் சூழ்ந்த நீள்வட்டத்துக்குள் கிறிஸ்து. 1797இல் குடியரசு வீழும் வரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த உருவமும், ஏறத்தாழ மூன்றரை கிராம் எடையும், பொன்னின் உயர்ந்த தூய்மையும் மாறவே இல்லை. நம் நாட்டுப் பொற்காசான வராகனும் கிட்டத்தட்ட அதே எடைதான் என்பது நினைவுகூரத் தக்கது. அலெக்சாந்திரியாவில் மிளகு வாங்க வெனிஸ் வணிகர்கள் கொடுத்த இந்தப் பொன் செங்கடல் வழியே இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. எகிப்தின் சுல்தான் பார்ஸ்பாய் 1425இல் தமது பொற்காசையே டுக்காட்டின் எடைக்கு இணையாக்கும் அளவுக்கு அதன் செல்வாக்கு இருந்தது. தென்னிந்தியாவில் புதையல்களாகக் கிடைத்திருப்பதோடு, நம் பொற்கொல்லர்கள் அதைப் பார்த்துச் செய்து மாலையில் கோத்த போலிகளும் ஏராளம். லத்தீன் தெரியாதவர்கள் வெட்டிய அச்சு என்பதால் அவற்றில் எழுத்துகள் வெறும் கோடுகளாகிப் போயிருக்கும்.

ஒரு மேசையில் டோஜ் ஆந்திரேயா தந்தோலோ (1343–1354) காலத்து டுக்காட் இருந்தது. 3.53 கிராம், புத்தம் புதிதுபோன்ற முகம், 720 யூரோ. எங்கிருந்து வந்தது என்றதற்கு, 'ஒரு பழைய சேகரிப்பிலிருந்து' என்றார் விற்பவர். நாணய வணிகத்தில் அது, மேற்கொண்டு கேட்காதே என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை. இரண்டு வரிசை தள்ளி இன்னொரு மேசையில் மிக்கேலே ஸ்டெனோ (1400–1413) காலத்தது ஒன்று, 430 யூரோவுக்கு, பழுதான காசுகளின் தட்டில் கிடந்தது. உருவங்கள் தேய்ந்திருந்தன; எடை 3.44 கிராம்தான், மேல்விளிம்பில் வளையம் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிய தடம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதனடியில் பழுப்பேறிய ஒரு சீட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. பழைய ஜெர்மன் கையெழுத்து எனக்குப் படிக்க வராது. பக்கத்து மேசையிலிருந்த முதியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்: 'தென்னிந்தியா, ஆபரணத்திலிருந்து, 1931.'

சீட்டும் பொய் சொல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர், தாம் அடித்த கள்ளக் காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியிலிட்டு வண்டியின் அச்சில் கட்டி ஓடவிட்டு முதுமையேற்றினார் என்று சொல்வார்கள். காசுக்கே வயதேற்ற முடியுமானால் காகிதத்துக்கு முடியாதா? முடியும். ஆனால் அதே தட்டில் வேறு நாட்டுக் காசுகளோடும் அதே கையெழுத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் இருந்தன. விலையும் சீட்டால் ஒரு யூரோகூட ஏறவில்லை. எவரும் ஆதாயமில்லாமல் பொய்ச்சீட்டு எழுதுவதில்லை. இன்னொன்றும் உண்டு. இந்தியாவிலிருந்து தொல்பொருள்கள் வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1947இல் வந்தது. 1972ஆம் ஆண்டின் சட்டமோ தனியார் எவரும் அவற்றை ஏற்றுமதி செய்வதையே தடை செய்கிறது. 1931 என்ற ஆண்டு, இக்காசு அச்சட்டங்களுக்கு முன்பே கடல் தாண்டிவிட்டது என்பதற்குச் சான்று. அச்சீட்டு இல்லையென்றால் நான் அதை வாங்கியிருக்க மாட்டேன்; மனசாட்சியும் இடங்கொடுத்திருக்காது, 2016இல் ஜெர்மனியில் வந்த பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நாளை கேள்வி எழுந்தால் பதிலும் இருக்காது. முகம் தெளிந்ததை விட்டுவிட்டு முகம் தேய்ந்ததை எடுத்துக்கொண்டு வந்த என்னை, உடன் வந்த நண்பர் பெர்லின் ரயிலில் வழியெல்லாம் கேலி செய்தார்.

அவரிடம் சொல்லாததைத் தங்களிடம் சொல்கிறேன். என் தாயாருக்கு நாகர்கோவிலில் அவருடைய தாய்வழியில் வந்த காசுமாலை ஒன்று இருந்தது. அதில் மற்றவற்றினும் அகலமான இரண்டு காசுகளைக் காட்டி, 'கொடி பிடித்த காசு' என்று என் பாட்டி சொல்வார். இருவர் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அவை வெனிஸில் அடித்தவையா, உள்ளூரில் பார்த்துச் செய்தவையா என்பதை எழுத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் இன்று சொல்லிவிடுவேன். 1987இல் என் தங்கையின் திருமணத்துக்காக அம்மாலை உருக்கப்பட்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. பொன் இருப்பதே அதற்காகத்தான் என்று எங்கள் வீட்டில் அனைவரும் நம்பினோம், நானும் நம்பினேன்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். பழங்காசுகளைப் பற்றி எழுதும்போது விலையை மட்டும் பெரிய எழுத்தில் போடாதீர்கள். அவ்விதச் செய்திகளை நம்பிப் பழைய காசுகளுக்கு லட்சங்கள் கிடைக்கும் என்று முன்பணம் கட்டி ஏமாறுவோர் பெருகியதால், ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. வீட்டில் காசுமாலை வைத்திருக்கும் வாசகர்கள் அதை விற்பதும் உருக்குவதும் அவரவர் தேவை. ஆனால் கடைக்கு எடுத்துப்போகும் முன் ஒவ்வொரு காசையும் இருபுறமும் படமெடுத்து, தனித்தனியே எடைபோட்டு, யார் வழியில் எந்த ஊரிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கும்படி தாங்கள் ஒரு பத்தியிலாவது சொல்ல வேண்டும். அரைமணி நேர வேலைதான். எங்கள் வீட்டு மாலையைப் பற்றி இன்று என்னிடம் இருப்பது நகைக்கடை ரசீது ஒன்று. அதில் 'பழைய தங்கம்' என்றும், மொத்த எடையும் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பெர்லின்.