குளிரில் வேர்வைக்குத்தான் பயப்படணும்

உசிலம்பட்டி,
மார்கழி மாதம்

அன்புள்ள தாயி,

நலம், நலமறிய ஆவல். ஃபோன் இருக்கும்போது எதுக்குப்பா லெட்டருன்னு கேப்ப. ஃபோன் உங்க அம்மா கையில இருக்கு. சாப்பிட்டியா, என்ன குழம்பு, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்குன்னு அது கேட்டு முடிக்கிறதுக்குள்ள உனக்கு வேலைக்கு நேரமாயிருது. நான் சொல்ல வேண்டியதெல்லாம் குளிரைப் பத்தி. அதை யாரும் குறுக்க பேசாம ஒரே மூச்சுல சொல்லணும். உன் தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புவான். பொறுமையா உக்காந்து படி.

நேத்து நீ கனடாவுல இருந்து, "மைனஸ் முப்பதுதாம்ப்பா, பழகிருச்சு"ன்னு சொன்ன. உங்க அம்மாவுக்குத் தைரியம் சொல்ல அப்படிச் சொன்னேன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்கிட்ட அதைச் சொல்லாத. அந்தக் குளிர் மனசுக்குப் பழகும், தோலுக்குப் பழகாது.

இங்க விடியக்காலையில 20 டிகிரி. பாட்டில்ல தேங்காயெண்ணெய் கட்டியாயிருச்சு, வெயில்ல வச்சு எடுத்துத்தான் தலைக்குத் தேய்க்கிறோம். டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கவன் பூராம் மங்கி கேப்போட இருக்கான். கொடைக்கானல்ல ஏரிப்பக்கம் புல்லெல்லாம் உறைபனின்னு டிவியில காட்டுனதுக்கே, அடியாத்தீன்னு வாயில கை வைக்கிறாங்க. நீ சிரிக்காத, அவங்களுக்கு இதுதான் குளிரு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு நம்ம பெரியவங்க சொன்னது இதுக்குத்தான். ஆனா நம்ம ஊர்ப் பனி சளி பிடிக்க வைக்கும், அதோட விட்ரும். நீ இருக்கிற வின்னிபெக் குளிர் விரலை எடுத்துக்கிட்டுத்தான் போகும்.

நான் ராணுவத்துல இருந்தப்ப லடாக் பக்கம் டிராஸ்ல இருந்தது உனக்குத் தெரியும். அங்க எப்படி இருந்தோம்னு உங்கிட்ட நான் சொன்னதில்ல. பத்தாயிரம் அடிக்கு மேல ஒரு பள்ளத்தாக்கு அது. குளிர்காலத்துல ஜோஜிலா கணவாயை மூடிட்டா ஸ்ரீநகருக்கு ரோடு கிடையாது. அரிசி, பருப்பு, சீமெண்ணெய் எல்லாத்தையும் பனி விழுறதுக்கு முன்னாடியே ஏத்தி அடுக்கிருவாங்க. லெட்டர்ல ஊர் பேரைக்கூட எழுத முடியாது, 56 ஏ.பி.ஓ.ங்கிற ராணுவத் தபால் நம்பர்தான் விலாசம். உங்க அம்மா எழுதுற லெட்டர் ஒரு மாசமா வராம இருந்து மொத்தமா அஞ்சாறு வரும். ஒரு லெட்டர்ல உனக்குக் காய்ச்சல்னு இருக்கும், அடுத்ததுல மாடு கன்னு போட்டுச்சுன்னு இருக்கும், காய்ச்சல் என்னாச்சுன்னு எதுலயும் இருக்காது.

அங்க எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு உஸ்தாத் இருந்தாரு, இமயமலைப் பக்கம் கார்வால்காரரு. அவர் முதல் நாளே சொன்னாரு: பனியில சாகுறவன் குளிருல சாகுறதில்ல, வேர்வையில சாகுறான். எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஏறச் சொன்னாரு. எல்லாரும் இருக்கிற உடுப்பை எல்லாம் மாட்டிக்கிட்டு ஏறுனோம். மேல போய் நின்ன அஞ்சாவது நிமிஷம் உள்பனியன் ஈரமா முதுகுல ஒட்டி, காத்து அடிக்க அடிக்க உடம்பு உதறுது பாரு, அப்ப விளங்குச்சு. ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துரும். அதனால கிளம்பும்போது லேசாக் குளுரணும். நடக்க நடக்கச் சரியாயிரும். நடக்கும்போது வேர்க்குற மாதிரி இருந்தா கோட்டு ஜிப்பைக் கொஞ்சம் இறக்கு, தொப்பியைக் கழட்டு. பஸ்ஸுக்கு ஓடுறது, வீட்டு முன்னாடி பனியை அள்ளித் தள்ளுறது, இந்த ரெண்டுலயும்தான் வேர்க்கும். பனி அள்ளிட்டு உள்ள வந்த உடனே உள்ள போட்டதை மாத்திரு.

இன்னொண்ணு, பருத்தி. நம்ம ஊர்க்காரனுக்குப் பருத்திதான் உசுரு. மதுரை வெயிலுக்குச் சுங்குடியை விட்டா வேற எது? ஆனா பருத்தி ஈரத்தைக் குடிச்சா விடாது. அங்க தோலை ஒட்டிப் போடுறது பருத்தியா இருக்கக் கூடாது. மெல்லிசான கம்பளி, இல்ல அந்த பாலியஸ்டர் தெர்மல். அதுக்கு மேல தடிமனா ஒரு ஸ்வெட்டர், அதுக்கு மேல காத்துப் புகாத கோட்டு. கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு தாங்கும். உங்க அம்மா பத்துப் பருத்தி உள்பாவாடை வாங்கிப் பார்சல் கட்டி வச்சிருக்கு. வந்தா வாங்கி வச்சுக்க, வெயில் காலத்துக்கு ஆகும். வேணாம்னு மட்டும் சொல்லிராத, அப்புறம் நான்தான் வீட்டுல இருக்கணும்.

சாக்ஸ் ரெண்டு போடுறேன்னு சொன்ன. பூட்ஸ் இறுக்குனா ரெண்டு போட்டு பிரயோசனமில்ல. ரத்தம் ஓடினாத்தான் விரலுக்குச் சூடு. உள்ள விரலை ஆட்ட இடம் இருக்கணும். ஒரு நல்ல கம்பளி சாக்ஸும் தாராளமான பூட்ஸும் போதும். கையுறைல விரல் விரலாப் பிரிச்சதை விட, நாலு விரலும் ஒண்ணா இருக்கிறதுதான் சூடு. ஃபோனை நோண்ட முடியாதுன்னு சொல்லுவ. ரோட்டுல எதுக்கு நோண்டணும்?

உன் ஊருக்கும் டிராஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. எங்களுக்கு உயரம்தான் முதல் எதிரி, காத்துல ஆக்சிஜன் கம்மி. ஏறுன உடனே ஆறு நாள் ஒரு வேலையும் கொடுக்காம உக்கார வச்சிருவாங்க. உன் ஊரு தட்டை. அங்க எதிரி காத்து. சுத்திலும் சமவெளி, தடுக்க ஒரு குன்று கிடையாது. நம்ம உடம்பை ஒட்டி மெல்லிசா ஒரு சூடு எப்பவும் நிக்கும், காத்து அதைத்தான் தட்டிப் பறிச்சுக்கிட்டுப் போகுது. மைனஸ் 20ல 30 கிலோமீட்டர் வேகத்துல காத்தடிச்சா மூஞ்சிக்கு மைனஸ் 33. அதனால காலையில வெறும் டிகிரியைப் பாத்துட்டுக் கிளம்பாத, காத்தோட சேத்து என்ன போட்டிருக்கான்னு பாரு. அந்தக் கணக்கு மைனஸ் 40ஐத் தொட்டா மூடாத தோலுக்குப் பத்து நிமிஷம்கூடக் கெடு கிடையாது. (இந்த மைனஸ் 40 மட்டும் செல்சியஸ்ல சொன்னாலும் ஃபாரன்ஹீட்டுல சொன்னாலும் ஒண்ணுதான். உன் தம்பிக்கு இதைச் சொல்லி அஞ்சு ரூபா பந்தயம் ஜெயிச்சேன்.)

இப்ப முக்கியமான சமாச்சாரம். விரலு வலிச்சா பயப்படாத, வலிக்குற வரைக்கும் விரலு உசுரோட இருக்கு. வலிச்சுக்கிட்டே இருந்தது திடீர்னு நின்னா அப்பத்தான் பயப்படணும். வெள்ளைக்காரங்களுக்குத் தோலு வெளுக்குறது பளிச்சுன்னு தெரியும். நம்ம நிறத்துக்கு லேசாச் சாம்பல் பூத்த மாதிரிதான் இருக்கும், தொட்டா மெழுகு மாதிரி விறைப்பா இருக்கும். பாத்து ஏமாந்துராத, தொட்டுப் பாரு. எங்கள்ல ரெண்டு ரெண்டு பேருக்கு ஜோடி போட்டு விட்ருவாங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்க ஒருத்தன் மூக்கை, காதை இன்னொருத்தன் பாக்கணும். தன் மூக்கு தனக்குத் தெரியாதுல்ல.

அப்படி ஆயிட்டா பனியை வச்சுத் தேய்க்கணும்னு யாராவது சொன்னா கேக்காத. தேய்க்கவே கூடாது. ஹீட்டர்ல காட்டவும் கூடாது. எங்க பங்கர்ல சிவகங்கைப் பக்கத்துப் பையன் ஒருத்தன், மரத்துப்போன காலைக் கொண்டுபோய் புகாரி அடுப்புல காமிச்சான். உணர்ச்சி இல்லாததால சுடுறது தெரியல. எங்களுக்கு வாசனை வந்த பிறகுதான் அவனுக்கே தெரியும். வீட்டுக்குள்ள வந்ததும், முழங்கையை விட்டுப் பாத்து, பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டுற சூட்டுல தண்ணி எடுத்து, அதுல வச்சிரு. 37ல இருந்து 40 டிகிரிக்குள்ள இருக்கணும். திரும்ப வெளிய போயி உறைய விட்ராத, ரெண்டாவது தடவை உறைஞ்சா முதல் தடவையை விட மோசம். உணர்ச்சி திரும்பலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிரு, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காத.

புகாரின்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. சீமெண்ணெய்ல எரியுற அடுப்பு அது. தூங்கும்போது அணைச்சுட்டுத்தான் படுக்கணும்னு உத்தரவு. புகை தெரியாது, வாடை தெரியாது, கார்பன் மோனாக்சைடு தூக்கத்துலயே ஆளைக் கொண்டுபோயிரும். உங்க வீட்டைச் சூடாக்குறது கேஸ் ஃபர்னஸ்னு சொன்னியே, அதோட குழாய் வெளிய சுவத்துல எங்க வருதுன்னு பாத்து வையி. பனி கொட்டுன மறுநாள் அது மூடியிருக்கான்னு பாரு. அந்த வாயுவுக்கு அலாரம் இருக்குல்ல, பேட்டரி மாத்துனியா? காருக்கும் அதேதான். பின்னாடி புகைக்குழாய் பனியில புதைஞ்சிருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு உள்ள உக்காராத.

உன் கார் மூஞ்சியில இருந்து ஒயர் தொங்குற போட்டோவை டீக்கடையில காமிச்சேன். பெட்ரோல் காருக்கு எதுக்கு பிளக்குன்னு ஒரே சண்டை. ராத்திரி எஞ்சினைச் சூடா வைக்கத்தான், இல்லன்னா ஆயில் கெட்டியாகிக் காலையில வண்டி கிளம்பாதுன்னு சொன்னேன். நம்ம தேங்காயெண்ணெய் மாதிரியான்னு ஒருத்தர் கேட்டாரு. அவர் ஒருத்தருக்குத்தான் விளங்குச்சு. டேங்கு எப்பவும் பாதிக்கு மேல இருக்கட்டும். பின்னாடி ஒரு கம்பளி, மண்வெட்டி, கொஞ்சம் கடலை மிட்டாய் போட்டு வையி. ஊருக்கு வெளிய பனிப்புயல்ல மாட்டுனா வண்டியை விட்டு இறங்கி நடக்காத. வண்டியைக் கண்டுபிடிப்பாங்க, நடந்து போன ஆளைக் கண்டுபிடிக்குறது கஷ்டம்.

கூட வேலை பாக்குறவங்க குளிருக்கு ஒரு பெக் நல்லதுன்னு சொல்லுவாங்க. எங்களுக்கும் ரம் கொடுப்பாங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா காவலுக்குப் போறவன் தொடக் கூடாது. குடிச்சா ரத்தம் தோலுக்கு ஓடி வரும், சூடா இருக்கிற மாதிரித் தோணும், உள்ள இருக்கிற சூடு வெளிய போயிக்கிட்டே இருக்கும். சுக்கும் கருப்பட்டியும் பார்சல்ல வருது. அதைப் போட்டுக் குடி. விளக்குத்தூண் பக்கம் பருத்திப்பால் குடிச்சா நீ ரெண்டு டம்ளருக்குக் குறைய மாட்டியே, அதை மட்டும் அனுப்ப வழியில்ல.

தோலு வெடிக்குது, மூக்குல ரத்தம் வருதுன்னு அம்மாகிட்ட சொன்னியாம். ஹீட்டர் ஓட ஓட வீட்டுக்குள்ள காத்து வறண்டுரும். ஈரம் கொடுக்குற மெஷின் ஒண்ணு வாங்கு, விலை பாக்காத. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளின்னு உங்க அம்மா உத்தரவு. குளி, ஆனா தலை காயாம வாசப்படி தாண்டாத.

இதையெல்லாம் நீயே தேடிப் படிச்சிருப்ப. நான் லெட்டர் எழுத உக்காந்தது வேற ஒண்ணுக்காக.

போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் மத்தியானம் நாங்க ஃபோன் போட்டப்ப நீ படுக்கையில இருந்த. வெளிய போகலையான்னா, போயி என்னப்பா செய்யன்னு சொன்ன. டிசம்பர்ல அங்க சாயங்காலம் நாலரைக்கெல்லாம் பொழுது அடைஞ்சிருதுன்னு தெரியும். காலையில எட்டேகாலுக்கு மேலதான் சூரியனே வருது. இருட்டுல போயி இருட்டுல வார. டிராஸ்ல உஸ்தாத் யாரைக் கவனிப்பாருன்னா, குளுருதுன்னு கத்துறவனை இல்ல. பேசாம ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே கெடக்குறவனை. ஷேவ் பண்ணாதவனை. அவனைப் பிடிச்சு லங்கர்ல, அதான் சமையல்கட்டுல, வெங்காயம் உரிக்க விட்ருவாரு. வெங்காயம் வேணுங்கிறதுக்காக இல்ல. அங்க நாலு பேரு இருப்பாங்க, சத்தமா இருக்கும், ஏதாவது கேலி பேசுவாங்க. ரெண்டு நாள்ல ஆளு பழையபடி ஆயிருவான். என்னையும் ஒருக்க அங்க அனுப்பியிருக்காரு.

அதனால மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, வெளிச்சம் இருக்கும்போது, கால் மணி நேரம் வெளிய நட. காத்து மோசமா இருந்தா ஊருக்குள்ள கட்டடத்துக்குக் கட்டடம் மூடுன பாலம் இருக்குன்னு சொன்னியே, அதுல நட, ஜன்னல் பக்கமா. வைட்டமின் டி எவ்வளவு எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேளு. அப்படியே தூக்கம், சோர்வு எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லு, வெக்கப்பட ஒண்ணுமில்ல. குளிர்காலத்துல பலருக்கு அப்படி வரும், அதுக்கு வைத்தியம் இருக்கு. ஆறு உறைஞ்சா அதுக்கு மேலயே பாதை போட்டுச் சனங்க சறுக்கிட்டுப் போறாங்கன்னு போன வருஷம் வீடியோ அனுப்புன. உறைஞ்ச ஆத்துல என் மகளான்னு அன்னைக்கு வஞ்சேன். இந்த வருஷம் நானே சொல்றேன், போ. பாதை திறந்தாச்சுன்னு அறிவிச்ச பிறகு, ஆளுங்களோட போ. விழுந்தா எந்திரி. வீடியோ எடுத்து அனுப்பு.

பொங்கலுக்கு லீவு கிடைக்காதுன்னு தெரியும். அன்னைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்களைச் சாப்பிடக் கூப்பிடு. பனி அள்ள மண்வெட்டி கொடுத்தாங்களே அந்த அம்மாவை முதல்ல கூப்பிடு. வெண்பொங்கல்ல மிளகைக் குறைச்சுப் போடு.

உன் பூட்ஸைத் தள்ளுபடியில வாங்குனதாச் சொன்ன. அடிப்பாகம் எப்படி இருக்குன்னு இன்னைக்கே போட்டோ எடுத்து அனுப்பு. ரப்பர் வழுவழுன்னு இருந்தா வேற வாங்கிக்க, பணம் நான் போட்டு விடுறேன். அளவு ஒண்ணு பெருசா எடு.

இப்படிக்கு,
உன் அப்பா