லீக்குக்கு ஒரு நாட்காட்டி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் இந்த வாரம் யாரோடு யார் மோதுகிறார்கள் என்று கேட்டால் கொட்டாஞ்சேனைப் பெடியன்கள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். நம் நாட்டு உதைபந்தாட்ட லீக்கைப் பற்றிக் கேட்டால், "இப்ப நடக்குதா அண்ணே?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். அவர்களில் பிழையில்லை.

2021இல் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியது. நம் கொழும்புக் கழகங்களான ரட்னமும் றினோனும் அதில் ஆடின. இடையில் கொவிட் நிறுத்தியது. சரி, அதற்கு யாரை நோவது? சம்பியனான களுத்துறை புளூ ஸ்டார், 2022 ஏப்ரலில் கொல்கத்தாவில் இந்தியக் கழகமான மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. ஒழுங்கான பருவம் ஆடிவந்த அணியின் முன், விட்டு விட்டு ஆடியவர்கள் வேறென்ன செய்வார்கள்? அப்புறம் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் ஆனது.

வெளிநாட்டுப் பயிற்சியாளரோ புதுக் கிண்ணமோ நான் கேட்கவில்லை. தொடங்கும் திகதி, முடியும் திகதி, ஆட்டம் சுகததாசவிலா ரேஸ்கோர்ஸிலா என்ற விபரம், இவை ஒரு மாதம் முன்னதாகத் தெரிந்தால் போதும். உங்கள் பத்திரிகையும் புள்ளிப் பட்டியலை வாரம் ஒருமுறை போடலாமே. மன்செஸ்டர் செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி காணும்.

உதைபந்தாட்ட ரசிகன்,
கொழும்பு 13