பிள்ளைகளின் தட்டில் முட்டை வைத்த அரசுக்கு, முதியோர் சார்பில் ஒரு மடல்

தமிழ்நாடு அரசின் உணவுத் துறை, சமூக நலத் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை ஆகியவற்றின் மதிப்பிற்குரிய அமைச்சர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணிக்காலம் முழுவதும் கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரையும் குழந்தைகளின் எடையும்தான் என் கவலையாக இருந்தன. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் நலம் விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கே 60 வயது கடந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் புரிகிறது.

எங்கள் தெருவில் 74 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை மாதந்தோறும் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அதற்காக இந்த அரசுக்கு மனமார நன்றி சொல்கிறேன். அழுத்தமும் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அழுத்தம் பார்க்கும் பட்டையை அவர் கையில் சுற்றினால் சதை பிடிக்காமல் நழுவுகிறது. தரையிலிருந்து எழ அவருக்குத் தூண் வேண்டும். போன மழைக்காலத்தில் வாசற்படியில் சாதாரணமாகச் சறுக்கியதற்கே இடுப்பெலும்பு முறிந்தது. காலையில் டீயும் வர்க்கியும், மதியம் ரேஷன் அரிசிச் சோறும் ரசமும், இரவு மீந்த சோற்றில் மோர் என்பதுதான் பல வருடங்களாக அவருடைய சாப்பாடு. வீட்டில் பருப்புக் கடைந்தால் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, “எனக்கு ரசமே போதும்” என்பார். இந்தப் ‘போதும்’ தமிழ்நாட்டின் எந்த வீட்டில்தான் கேட்கவில்லை?

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது போதவே போதாது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 42 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அளவு. முதுமையில் தசை கரையும் வேகத்தை ஈடுகட்ட 50 முதல் 60 கிராம் வரை வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் கருதுகிறார்கள். கால் கிலோ அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டாலும் கிடைப்பது சுமார் 20 கிராம்தான். மீதியைத் தரக்கூடியவை நம் வட்டாரத்திலேயே விளைகின்றன. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம், 50 கிராம் கொள்ளில் 11 கிராம் புரதம் இருக்கிறது. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து, 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லாதபோது, அதே அளவு கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. முருங்கைக் கீரையிலும் அதற்குச் சற்றுக் குறைவாக, 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பல் போனவர்களுக்குக் களியைவிட இதமான உணவு எது? கடலையை ஊறவைத்துத் துவையலாக அரைக்கலாம். கொள்ளை வேகவைத்துக் கடைந்து கொடுக்கலாம்.

இவற்றை மருந்து என்று சொல்ல வரவில்லை. எந்தத் தானியமும் முதுமையை நிறுத்தாது. சர்க்கரை நோயாளி கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அவருக்கும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கீரையோடும் பருப்போடும் களியாக, அளவாகச் சாப்பிடுவதே நல்லது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நடமாட்டமே இல்லாத உடம்பில் எத்தனை முட்டை போட்டாலும் தசை நிற்காது. இவ்வளவும் தெரிந்துதான் கேட்கிறேன். காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்து படுத்தால் மறுபடி எழுந்து நடக்க உடம்பில் இருப்பு வேண்டும். அந்த இருப்பு அன்றாடச் சாப்பாட்டில்தான் சேரும். பாட்டியின் மகள் வெளியூரிலிருந்து சத்து மாவு டப்பா ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். அதன் விலை, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் பாதிக்கும் மேல். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊர்ச் சந்தையில் எத்தனை முட்டையும் கடலையும் வாங்கலாம் என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

நியாய விலைக் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பும், 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் தருகிறீர்கள். 2023இல் நீலகிரியிலும் எங்கள் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினீர்கள். அந்த வழியிலேயே இன்னும் சில அடிகள் எடுத்து வைக்க வேண்டும். உதவித்தொகை பெறும் முதியோர் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரிலேயே, குடும்ப அட்டையின் பங்கோடு கலக்காமல், மாதம் 2 கிலோ கேழ்வரகும், ஒரு கிலோ கொள்ளோ பச்சைப்பயறோ, அரைக் கிலோ நிலக்கடலையும் கொடுங்கள். அவர் பெயரில் வந்தால்தான் பேரனுக்கு எடுத்து வைக்கும் கை கொஞ்சமாவது தயங்கும். கேழ்வரகையும் கடலையையும் உள்ளூர் உழவரிடமே கொள்முதல் செய்தால், மானாவாரி நிலத்துக்கும் அது உயிர் கொடுக்கும்.

1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே உதவித்தொகை பெறும் முதியோருக்கும் விரிக்கப்பட்டது என்பதை இன்றைக்கு எத்தனை பேர் அறிவார்கள்? எங்கள் ஊர் மையத்தில் பள்ளிப் பிள்ளைகள் முட்டையோடு சாப்பிடுகிறார்கள். முதியவர் ஒருவரும் வரிசையில் நிற்பதை நான் பார்க்கவில்லை. அங்கே வந்து சாப்பிடுவதில் அவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் பலர். தூக்குப் பாத்திரத்தில் வீட்டுக்கு எடுத்துப்போகவும், அதில் முட்டை ஒன்று இருக்கவும் ஆணையிட்டால் இரண்டும் தீரும்.

கடைசியாக ஒன்று. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்களிடம் தையல்காரர் பயன்படுத்தும் அளவுநாடா ஒன்றைக் கொடுங்கள். கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தாலோ, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடிக்குக் குறையாமல் ஆனாலோ, தசை இழப்பு இருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019இல் வரையறுத்திருக்கிறது. அந்த அளவை நோயாளி அட்டையில் இரத்த அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கட்டும். குறைந்திருப்பவர்களின் பட்டியல் நியாய விலைக் கடைக்கும் சத்துணவு மையத்துக்கும் போகட்டும். கேழ்வரகு ஏற்கெனவே கடைக்கு வரும் தருமபுரியிலும் நீலகிரியிலும் இதை முதலில் தொடங்கலாம். நாடாவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க நானும், என்னோடு ஓய்வு பெற்ற செவிலியர் சிலரும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தருமபுரி மாவட்டம்