பிடுங்காமல் விட்ட கொடிகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

போன மாதம் தெற்கு ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து ஈடன் பள்ளத்தாக்குப் பக்கம் போனோம். ஹில் ஆஃப் கிரேஸ் திராட்சைத் தோட்டம் அங்கேதான், ஒரு பழைய லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறது. சுமார் 20 ஏக்கர். பாதியளவு ஷிராஸ் என்ற கருந்திராட்சை. மூத்த கொடிகள் 1860-களில் நட்டவை. அவற்றைத் ‘தாத்தாக்கள்’ என்றே அழைக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அடித்தண்டு முறுக்கேறி, பட்டை நார்நாராக உரிந்து கிடக்கிறது. அதன் தலையில் பளபளவென்று புதுத் தளிர்!

எல்லாம் சொந்த வேரில் நிற்பவை. ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் அவர்கள் மீண்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு அது இன்னும் வரவில்லை. செருப்பில் ஒட்டிய மண்ணிலேயே வந்துவிடும் என்பதால் கண்டவர்களை உள்ளே விடுவதில்லை.

ஆனால் பூச்சிக்குத் தப்பினால் மட்டும் போதுமா? 1980-களில் ஒயின் விலைபோகாதபோது, கொடிகளைப் பிடுங்க மாநில அரசே பணம் கொடுத்தது. பக்கத்துப் பரோசாவில் எத்தனையோ பழைய ஷிராஸ் அப்படித்தான் போனது. நினைத்தாலே வயிறு எரிகிறது. ஹில் ஆஃப் கிரேஸ் தப்பியதற்கு அதன் சொந்தக்காரர்களான ஹென்ஷ்கி குடும்பம்தான் காரணம். சிரில் ஹென்ஷ்கி 1958-லேயே இந்தத் தோட்டத்துப் பழத்தை வேறெதோடும் கலக்காமல் தனி ஒயினாக்கினார். இப்போது அவர் மகன் ஸ்டீபன் ஒயினைப் பார்த்துக்கொள்கிறார், மருமகள் ப்ரூ தோட்டத்தை. நல்ல தாத்தாக் கொடிகளாகத் தேர்ந்தெடுத்து, குச்சி வெட்டி, நாற்றாக்கி நடுகிறார் ப்ரூ. 2000-ஆம் ஆண்டு அறுவடை தேறவில்லை என்று அந்த வருஷ ஒயினையே வெளியிடவில்லை. எனக்கு அந்தக் கண்டிப்பு ரொம்பப் பிடித்தது.

ஒரு புட்டி வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. அது கிடக்கட்டும்.

அப்புறம், காய்ப்பு குறைந்துவிட்டது என்று அப்பா வைத்த மாமரங்களை வெட்டப்போவதாக எழுதியிருந்தாயே, அவசரப்படாதே. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் ஒட்டுக்குக் குச்சி எடுத்து நாலைந்து கன்றாவது கட்டி வை. என்ன முடிவெடுத்தாய் என்று எழுது.

அன்புடன்,
ரகு